பல் கட்டுவதற்கு முன்

மூட்டு வலியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களுள் மூன்று, மூட்டை விட்டுவிட்டுப் பல்லைப் பற்றியே பேசின. மாயவரத்திலிருந்து 72 வயது அன்பர் ஒருவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. கீழே கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து நிற்கிறது. சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் நடைபெறும் சஹஸ்ரநாம பாராயணத்துக்குப் பல ஆண்டுகளாகச் சென்றுவந்தவர், இப்பொழுது போவதை நிறுத்திவிட்டார். நாமங்கள் காற்றாகச் சீறுகின்றனவாம். மருத்துவர் ஒருவர் உடைந்த பல்லைப் பிடுங்கச் சொல்கிறார். மற்றொருவர் வேரைக் காப்பாற்றலாம் என்கிறார். மகனோ, “இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளுங்கள் அப்பா, பணம் அனுப்புகிறேன்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அவருடைய உச்சரிப்புத் துன்பம் கற்பனையன்று. மேற்பல்லின் அடியை நாநுனி ஒற்றுவதால் தகரமும் நகரமும், பல்லும் இதழும் இயைவதால் வகரமும் பிறப்பதாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. ஒற்றுவதற்குப் பல்லே இல்லையெனில் எழுத்து எங்கே நிற்கும்? ஆகவே முன்பல் கட்டிக்கொள்வதை வயதுக்கு ஒவ்வாத அலங்கார ஆசை என்று எவரும் கூச வேண்டியதில்லை.

முதலில் உடைந்த பல்லைப் பார்ப்போம். ‘வலியில்லையே, இருக்கட்டும்’ என்று விடுவது நம்மில் பலருக்கு வழக்கம். வலியை அளவுகோலாகக் கொள்ளலாகாது. உள்ளிருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலி நின்றுபோகும். வேரின் நுனியிலோ சீழ் கட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும். வேர் உறுதியாக இருந்து, ஈற்றுக்கு மேலே உறை மாட்டும் அளவுக்குப் பல் மிஞ்சியிருந்தால் ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றுவதே என் கட்சி. அச்சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போடாமல் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அப்பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கையில் இரண்டாகப் பிளக்கக்கூடும்; முதலில் செய்த செலவும் அத்துடன் போகும். வேரே நெடுக்கில் பிளந்திருந்தாலோ, ஈறு நோயால் பல் மிகவும் ஆடினாலோ, பிடுங்கச் சொல்லும் மருத்துவரை ஐயுற வேண்டியதில்லை.

பிடுங்குவது அன்றைக்கு மலிவு. பின்னர் அவ்விடத்துத் தாடை எலும்பு மெல்லக் கரையும். பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாயலாம். எதிர்வரிசைப் பல் தாங்குவாரின்றி நீண்டு வரலாம். அதற்காக ஒவ்வோர் இடைவெளியையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதுமில்லை. நெதர்லாந்துப் பல் மருத்துவர் கைசர் 1981-இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, கடைக்கோடிப் பற்கள் சில இல்லாமலும் பலரால் நன்கு உண்ண முடியும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஜப்பானில் 1989-இல் தொடங்கிய இயக்கமும், 80 வயதில் சொந்தப் பற்கள் 20 இருக்க வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது, 32 கேட்கவில்லை. ஒரே ஒரு கடைசிப் பல் இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுகிறவர், கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று மருத்துவரை வாய்விட்டுக் கேட்கலாம்.

கட்டுவதென்றால் வழி மூன்று. கழற்றி மாட்டும் பல் மலிவானது. மற்றப் பற்களைப் பெரும்பாலும் தொடாமலே செய்துவிடலாம். பிரிட்ஜ் என்பது இருபுறத்துப் பற்களையும் அராவி, அவற்றின்மேல் உறையிட்டு, நடுவே பொய்ப்பல்லைத் தொங்கவிடுவது. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் கண்ணுக்கு அவ்விரு பற்களும் ஜாமீன்தாரர்களாகவே தோன்றுகின்றன. அவை ஏற்கெனவே அடைத்தவையாகவோ உறை தேவைப்படுபவையாகவோ இருந்தால் நல்ல ஏற்பாடு. பழுதற்ற பற்களை அதற்காக அராவுவதற்கு முன் இருமுறை யோசிக்கலாம்.

மூன்றாவது இம்ப்ளான்ட். டைட்டானியம் உலோகம் உயிருள்ள எலும்புடன் ஒட்டிக்கொள்வதைக் கண்ட சுவீடன் நாட்டு பிரோனமார்க், 1965-இல் முதன்முதலாக மனிதருக்கு அவ்வகைப் பல்லைப் பொருத்தினார். எலும்பில் திருகு பதித்து, அது இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருந்து, மேலே பல் வைப்பார்கள். வயது மட்டும் இதற்குத் தடையன்று. எலும்பின் அளவும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சுத்தம் செய்யும் கைகளின் திறனுமே முக்கியம். புகையிலை போடுவோருக்குத் தோல்வி வாய்ப்பு அதிகம்.

எந்த வழியானாலும், உண்ணும் மாத்திரைச் சீட்டு முழுவதையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது, அரிதாக எனினும், உண்டு. இதய வால்வு மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே மருந்து தர வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ‘நாளைக்குப் பல் பிடுங்குகிறார்களே’ என்று தாமாக அதை நிறுத்திவிடுவது பேராபத்து. அதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து முடிவு செய்யட்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவும், விபத்தால் நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. முதலில் பத்திரத்தைப் படித்துவிடுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள்: திருகுக்கு எவ்வளவு, மேலே வைக்கும் பல்லுக்கு எவ்வளவு, பழுதானால் யார் பொறுப்பு என்று தனித்தனியே இருக்க வேண்டும். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். போய்வரும் நடைதான் அதிகம்.

மாயவரத்து அன்பருக்கு என் யோசனை இது: எக்ஸ்ரேயில் வேர் நன்றாகத் தெரிந்தால் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றி உறை போட்டுக்கொள்ளுங்கள். முன்பற்களுக்கு இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல். இம்ப்ளான்டை நிதானமாக யோசிக்கலாம். மகனின் பணம் எங்கும் போய்விடாது. புதுப் பல்லுடன் வீட்டில் சில நாள் உரக்கப் படித்துவிட்டு மண்டபத்துக்குப் போங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

முழுப் பல் செட்டு அணிவோருக்கும் சில சொற்கள். கீழ்த்தாடைச் செட்டு ஆடுவது பலருக்கும் உள்ள குறை. இரண்டே இரண்டு இம்ப்ளான்ட்டுகளில் அதைப் பிடித்து நிறுத்துவதைத்தான், 2002-இல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய வல்லுநர்கள் முதல் தெரிவாகப் பரிந்துரைத்தனர். இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். செட்டு உரசி உண்டான புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இராமேஸ்வரம் போகிறவர்கள், அக்னி தீர்த்தத்தில் முழுகுமுன் செட்டைக் கழற்றி, மூடியுள்ள சிறு டப்பாவில் தண்ணீர் விட்டுப் போட்டு, கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி முடித்த பிறகு வாங்கி மாட்டிக்கொண்டால் போதும்.