அடைக்கக் கூடாத கடன்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். மின்சாரப் பியூஸ் கட்டைகள் முதல் அலங்காரப் பொம்மைகள் வரை அங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர் செல்கின்றன. கத்தோலிக்கராகிய நமக்கோ அவ்வூர் என்றதும் நினைவுக்கு வருவது அதனருகே வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம். ஆண்டுதோறும் சனவரியில் அங்கே பெருவிழா. மழை ஓய்ந்து செங்கல் சூளைகள் வேலையைத் தொடங்கும் காலமும் அதுவே. திருப்பயணிகள் செபமாலை சொல்லி நடக்கும் நாள்களில், களத்தில் பச்சைக்கல்லைக் காயப் புரட்டிப் போடச் சிறு கைகளும் வந்துவிடுகின்றன.

நாம் பேச வந்தது இந்தச் செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி. அதைவிட, அவர்களுக்கு நாம் செய்யும் உதவியைப் பற்றி.

மழைக்காலத்தில் வேலையில்லாத குடும்பத்துக்கு முன்பணம் தரப்படுகிறது. கூலி, அறுக்கும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. தாயும் தந்தையும் மட்டும் உழைத்தால் எண்ணிக்கை எட்டாது. எனவே பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கிறது. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சியிருக்கும். அடுத்த பருவத்துக்கும் அதே களம்.

இத்தகைய குடும்பம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நல்ல மனம் படைத்த பங்கு மக்கள் என்ன செய்கிறோம்? தவக்காலத்தில் உண்டியல் வைக்கிறோம். முன்பணத்தை அடைத்துப் பிள்ளையை அழைத்து வருகிறோம். நாங்களும் அப்படிச் செய்தவர்களே. இல்லத்தில் சேர்த்த சிறுவனுக்கு மாலை வேளைகளில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கச் சென்றபோது அவன் கேட்டான்: “எங்கப்பா கடனை யாரு கட்டினது?” “நம்ம பங்கு மக்கள்தான்” என்றோம் பெருமையோடு. சற்று யோசித்துவிட்டு, “அப்போ இனிமே உங்ககிட்ட வேலை செய்யணுமா?” என்றான்.

அவன் கேள்வியில் பிழையே இல்லை. கடனை வாங்கியவன் ஆளையும் வாங்குகிறான் என்பதுதான் அவன் அதுவரை கற்ற பாடம். நாங்கள் செய்ததும் அந்தப் பாடத்தை உறுதிப்படுத்தியது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடன் எதுவாயினும் ஒழிந்துபோனதே. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒழிந்துபோன அக்கடனுக்காகப் பணம் பெற்றுக்கொள்வது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படியானால் நம் உண்டியல் பணம் எதற்குப் போயிற்று? இல்லாத கடனை இருப்பதாக ஒப்புக்கொண்டோம். குற்றத்துக்குக் கூலி கொடுத்தோம். அந்தப் பணம் அடுத்த மழைக்காலத்தில் வேறொரு குடிசைக்கு முன்பணமாகப் போகாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

பிப்ரவரி 8ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித ஜோசப்பின் பக்கித்தாவைப் பாருங்கள். சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, இறுதியில் இத்தாலிக்கு வந்தவர். வெனிஸ் நகரில் கனோசா சபைச் சகோதரிகளின் இல்லத்தில் இருந்தபோது, தம்மை அழைத்துச் செல்ல வந்த எசமானியுடன் போக மறுத்தார். சகோதரிகள் விலை பேசவில்லை, அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 1889 நவம்பர் 29இல் நீதிமன்றம் அவர் சட்டப்படி ஒருநாளும் அடிமையாக இருந்ததே இல்லை என்று தீர்ப்பளித்தது. விலை கொடுத்து மீட்டிருந்தால் இந்தச் சொல் அவருக்குக் கிடைத்திருக்குமா?

“பணம் கொடுத்தால் பிள்ளை இன்று மாலையே வந்துவிடுவான், மனு கொடுத்தால் எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களுக்குக் கல்நெஞ்சம் இல்லை. அலுவலகங்களின் தாமதம் எங்களுக்கும் தெரியும். ஆனால் பணத்தால் வந்த பிள்ளையின் கையில் விடுதலைச் சான்றிதழ் இராது. அது இல்லையேல் அரசின் மறுவாழ்வு உதவியும் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திட்டம் மீட்கப்பட்ட குழந்தைக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வரை வகை செய்தது. முழுத்தொகை கிடைக்க, வழக்கில் தண்டனை தீர்ப்பாக வேண்டும். வழக்கே இல்லாதபோது தீர்ப்பு எங்கிருந்து வரும்? தாய் தந்தையர் கடனாளிகளாகவே மீண்டும் களத்துக்குத் திரும்புவார்கள், பிள்ளையும் பின்தொடர்வான்.

இன்னொரு கசப்பையும் விழுங்கத்தான் வேண்டும். பங்கு மண்டபத்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் செங்கல் வாங்குகிறோம். விலை மலிவா என்று கேட்கிறோம். யார் அறுத்தது என்று கேட்பதில்லை. சூளைக்காரர் நம் பங்குக்காரராகவே இருந்தால் கேட்க இன்னும் கூச்சம்.

தொண்டு செய்யப் போகும் இளையோருக்கு நாங்கள் சொல்வது கிறிஸ்துமஸ் கேக்கும் குழுப்படமும் அல்ல. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் சமக்ர சிக்ஷா திட்டத்துடன் இணைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற பத்து வயதுப் பிள்ளை இப்போது பொதுப் பள்ளியிலேயே தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அவன் பக்கத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்கார ஆள் வேண்டும். சாட்சி சொல்லும் நாளில் அவன் தாயோடு பேருந்தில் போகவும் ஆள் வேண்டும். குழந்தை வேலை செய்வதைக் கண்டால் 1098க்குத் தொலைபேசி செய்யலாம். விடுதலைச் சான்றிதழுக்கு மனு கொடுக்கக் கடலூருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியதில்லை. வருவாய்க் கோட்ட அலுவலகம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது, கோணான்குப்பம் போகும் பயணிகள் பேருந்து மாறும் அதே ஊரில்.