தோட்டாவைக் குறை சொல்லாதீங்க!

"மெஷின் அருமையான மெஷின்ங்க, யூஸ் பண்றவனுக்குத்தான் தெரியலை." மெக்கானிக்கல் படிக்கிற எவனும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. எனக்கு மட்டும் இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம், ராஸ் ரைபிள்.

சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்து, கனடாவின் கியூபெக்கில் தயாரான துப்பாக்கி அது. சாதாரண போல்ட் ரைபிளில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். ராஸில் நேராக இழு, நேராகத் தள்ளு, முடிந்தது. குறி தப்பாது. போட்டிகளில் பரிசுகளை அள்ளியது. எல்லாம் சரிதான்...

1915 ஏப்ரல், பெல்ஜியத்தின் ஈப்பர். குளோரின் வாயுவுக்குப் பின்னால் ஜெர்மன் படை வருகிறது. வேகமாகச் சுடச் சுட ராஸின் போல்ட் இறுகிக்கொள்கிறது. பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்கிறார்கள் கனடா சிப்பாய்கள். கடைசியில், செத்துக் கிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். தப்பிப் பிழைத்த சுமார் 5,000 பேரில் 1,400க்கும் அதிகமானவர்கள் ராஸைத் தூக்கி எறிந்திருந்தார்கள்!

மேலிடம் என்ன சொன்னது? "பிரிட்டிஷ் தோட்டா சரியில்லை." பாதுகாப்பு அமைச்சர் சாம் ஹியூஸ் ராஸை விட்டே கொடுக்கவில்லை. குறை சொன்ன தளபதி ஆல்டர்சன் அவருடைய பகையைச் சம்பாதித்துக்கொண்டார். 1916 மே மாதம் பதவியும் போனது.

தோட்டா அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது உண்மைதான். போர்க்கால அவசரத் தயாரிப்பு வேறு எப்படி இருக்கும்? அதே தோட்டா, அதே சேறு, லீ-என்ஃபீல்டு மட்டும் எப்படி ஓடியது? அதன் சேம்பர் தாராளமானது. கைப்பிடியைத் தூக்கும்போதே நெம்புகோல் மாதிரி வேலை செய்து, சூட்டில் ஒட்டிக்கொண்ட காலி உறையை இளக்கிவிடும். ராஸின் சேம்பரோ இறுக்கம். நேராக இழுப்பதில் அந்த நெம்பு விசையும் போதாது.

இன்னொரு கொடுமை. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அதன் பூட்டுப் பல் ஒன்று தடுப்பில் போய் இடிக்கும். இடித்து இடித்துப் பல் நசுங்கும். நசுங்கிய பல் அதன் பள்ளத்தில் உட்காராது. சிப்பாய் இன்னும் பலமாக இழுப்பான், பல் இன்னும் நசுங்கும். பழுதைச் சரிசெய்ய அவன் செய்த ஒரே காரியமே பழுதைப் பெரிதாக்கியது. இதில் அவன் தப்பு எங்கே?

பிறகு சேம்பரைக் கடைந்து பெரிசாக்கினார்கள், தடுப்பையும் மாற்றினார்கள். தோட்டாதான் குற்றவாளி என்றால் துப்பாக்கியில் ஏன் ஐயா கை வைத்தீர்கள்? 1916-ல் கனடியப் படை முழுக்க லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. அதே வருஷம் நவம்பரில் ஹியூஸ் ராஜினாமா.

"ஸ்னைப்பர்கள் கடைசி வரை ராஸைத்தானே வைத்திருந்தார்கள்?" என்பார்கள். ஆமாம். அவர்கள் தோட்டாவைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, நிதானமாக ஒவ்வொன்றாகச் சுட்டவர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்!

இன்றும் ஆர்டர் கொடுத்துச் செய்யும் ரைபிள்களில் துல்லியத்துக்காக சேம்பரை இறுக்கமாகக் கடைவது உண்டு. போட்டிக்கு மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அது சிக்கிக்கொண்டால், முதலில் அதே தோட்டாவை வேறொரு ரைபிளில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால், தயவுசெய்து தோட்டாவையும் சுட்டவனையும் திட்டாதீர்கள். ஈப்பரில் அந்தச் சோதனை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது, சிப்பாய்களின் செலவில்.