டாக்டர் பக்கம்: கவாய் தீவுக்குப் போகிறவர்களுக்கு



சென்ற மாதம் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அம்மாள், "டாக்டர், பிள்ளைகள் டிசம்பர் லீவுக்கு ஹவாயில் கவாய் என்ற தீவுக்கு அழைத்துப் போகிறார்களாம். அங்கே போய் நான் என்ன செய்வது?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன். நாங்களும் போன வருஷம் ஐந்து நாட்கள் அங்கே இருந்துவிட்டு வந்தோம். அதில் இரண்டாம் நாள் என் சகலை சாகக் கிடந்து பிழைத்தார். ஆகவே இம்முறை சுற்றுலாவும் வைத்தியமும் கலந்தே வரும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லிஹூயே ஊருக்கு விமானத்தில் சுமார் ஐந்தரை மணி நேரம். சான் ரமோனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காரில் போகிற பொழுதுதான். ஆனால் நடுவில் பசிபிக் சமுத்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இறங்கியதும் கண்ணில் படுவது கோழிகள்! விமான நிலையத்தில், கடை வாசலில், கடற்கரையில், எங்கும் சேவல்கள். 1992 செப்டம்பர் 11-ல் இனிகி என்ற புயல் அடித்தபோது கூண்டுகள் உடைந்து ஓடிய கோழிகள் பல்கிப் பெருகின என்கிறார்கள். மற்றத் தீவுகளைப் போல இங்கே கீரிப்பிள்ளைகள் குடியேறாததும் ஒரு காரணம். விடியற்காலை நாலு மணிக்கே அவை கூவும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஓர் ஆனந்தம். என் மகளுக்கு இல்லை.

பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதலாவது, வைலுவா ஆற்றங்கரையில் உள்ள இறைவன் கோவில். அதை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி நம் பக்கத்து ஓக்லண்டில் 1927-ல் பிறந்தவர். 1949-ல் யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர். கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில், பெங்களூருக்கு அருகே 1990 முதல் சிற்பிகள் உளியால் செதுக்கிய வெள்ளைக் கருங்கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். கும்பாபிஷேகம் 2023 மார்ச்சில்தான் நடந்தது. சுவாமிகள் 2001-லேயே சித்தியடைந்துவிட்டார். தரிசனம் பெரும்பாலும் காலை வேளையில்தான். போகுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹனபேபே ஊருக்கருகே செம்மண் பாத்திகளில் உப்பு விளைவிக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளம் கண்டவர்களுக்கு அது சின்னஞ்சிறு தோட்டமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த உப்பை அவர்கள் விற்பதில்லை. வேண்டியவர்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். வெளியே நின்று பாருங்கள், பாத்திக்குள் இறங்காதீர்கள். நாபாலி மலைச்சுவரைப் படகில் போய்ப் பார்க்கலாம். வயிறு ஒத்துழைத்தால் அழகுதான். என்னுடையது ஒத்துழைக்கவில்லை.

நிற்க. இப்போது கடலுக்கு வருகிறேன்.

என் சகலை மாயவரத்துக்காரர். காவிரியில் வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்தியவர். வயது அறுபத்திரண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தென்கரையில், அலையே இல்லாத இடத்தில், மார்பளவுத் தண்ணீரில், வாயில் மூச்சுக்குழாயை வைத்துக்கொண்டு முகம் கவிழ்த்து மீன் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்னார்க்கலிங் என்கிறார்களே, அதுதான். கால் மணி நேரம் போயிருக்கும். தலையைத் தூக்கினார், கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை, மறுபடி முகம் தண்ணீருக்குள் போயிற்று. பத்தடி தூரத்தில் ஆமையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நான், முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன், அவர் மீனைப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். உயிர்காப்பாளர் பலகையோடு பாய்ந்து வந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. பிராணவாயு கொடுத்தார்கள், ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், பிழைத்தார்.

ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் விபத்தில் இறப்பதற்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதுதான். அதிலும் இந்த மூச்சுக்குழாய் விளையாட்டில்தான் அதிகம் பேர். நாம் நினைப்பதுபோல் எல்லோரும் தண்ணீர் குடித்து மூழ்குவதில்லை. குழாய் வழியாக மூச்சை இழுப்பது சிரமமாகும்போது நுரையீரலுக்குள் ஒரு வெற்றிழுப்பு உண்டாகிறது. அது ரத்தத்திலிருந்து நீரை மூச்சறைகளுக்குள் கசியச் செய்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்கிறார்கள். முதலில் மூச்சு வாங்கும், பிறகு கைகால் சோரும், பிறகு நினைவு தப்பும். கத்தத் தெம்பு இராது. இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று தோன்றிய அந்தக் கணமே குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். கால் எட்டாத இடத்துக்குப் போகாதீர்கள். கூட ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆமையை அல்ல.

டிசம்பரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. குளிர்காலத்தில் வடகரையில் அலை ஆளுயரத்துக்கு மேல் எழும். பாறைமேல் நிற்பவரையும் இழுத்துப் போய்விடும். அந்த மாதங்களில் தென்கரைதான் சற்றுச் சாது. எந்தக் கரையானாலும் இறங்குமுன் இருபது நிமிஷம் மணலில் உட்கார்ந்து அலையைப் பாருங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் இறங்கவே வேண்டாம். பேரக் குழந்தைகளுக்கு வைலுவா பக்கம் லிட்கேட் பூங்கா இருக்கிறது. அங்கே பாறைச் சுவர் எழுப்பிக் கடலைக் குளம்போல் ஆக்கியிருக்கிறார்கள். அருவியிலும் ஓடையிலும் காலில் காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஹவாய் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மீதி மூன்று நாட்களும் சகலை தண்ணீரில் கால் நனைக்கவில்லை. தென்னை மரத்தடியில் வேட்டியோடு உட்கார்ந்து, குழாயோடு போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தனியாகவா போகிறீர்கள்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சிலர் அவரைக் கடற்கரை உத்தியோகஸ்தர் என்றே எண்ணிப் பணிவாகப் பதில் சொன்னார்கள்.

பிரசாத வரிசை அம்மாளுக்கு: நீங்கள் கடலில் இறங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வடக்கே கிலாவேயா முனையில் 1913-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அங்கே நின்றால் டிசம்பரில் திமிங்கிலம் நீரைப் பீச்சுவதைக் காணலாம். வைமேயா பள்ளத்தாக்குக்கு மேலே மலையில் குளிரும். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.