மஞ்சள் விளக்கு எரிந்தால் கால் எங்கே போக வேண்டும்?

கூட்டேரிப்பட்டு ஒரு கூட்டு ரோடு. திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மயிலம் முருகன் கோவிலுக்குப் போகும் சாலை இங்கே வந்து சேருகிறது. பங்குனி உத்திரம் வந்துவிட்டால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். காவடி எடுத்தவர்கள் வருவார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் வருவார்கள். பக்கத்தில் லாரிகளும் பஸ்களும் பறந்துகொண்டு இருக்கும்.

இந்தப் பாதையில் கார் ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் சாலை அகலமாக இருக்கிறது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த வேகம் அவருக்கு வேகமாகவே தெரிவது இல்லை. விழுப்புரம் ஊருக்குள் நுழைகிறார். வேகம் குறைந்தது மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் 60 கிலோ மீட்டருக்குக் குறையவில்லை.

எதிரே நான்கு முனை சந்திப்பு. பச்சை விளக்கு எரிகிறது. அவர் நெருங்கும்போது அது மஞ்சளாக மாறுகிறது.

இப்போது அவருடைய கால் எங்கே போகிறது?

பிரேக்குக்குப் போக வேண்டும். ஆனால் பலருடைய கால் ஆக்சிலேட்டருக்குப் போகிறது! "மஞ்சள்தானே, சிவப்பு விழுவதற்குள் போய்விடலாம்" என்ற எண்ணம். காருக்குள் இருப்பவர்களும் சும்மா இருப்பது இல்லை. "போங்க, போங்க! நின்னா ரெண்டு நிமிஷம் போயிடும்" என்று பின்சீட்டில் இருந்து குரல் வருகிறது. கல்யாண வீட்டுக்கு நேரம் ஆகிவிட்டதாம்!

மஞ்சள் விளக்கு என்பது பச்சையின் வால் அல்ல. அது சிவப்பின் தலை.

விதி என்ன சொல்கிறது? மஞ்சள் எரிந்தால் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டார், திடீர் என்று நிறுத்தினால் ஆபத்து என்றால் மட்டும் அவர் போகலாம். அந்த விலக்கையே பலர் விதியாக்கிக்கொண்டார்கள். அதுதான் தொல்லை.

ரயிலைப் பாருங்கள்

மயிலம் ரயில் நிலையம் வழியாக விழுப்புரத்துக்கு ரயில்கள் ஓடுகின்றன. ரயிலுக்கும் மஞ்சள் விளக்கு உண்டு. ரயில் ஓட்டுகிறவர் அதைப் பார்த்தால், "அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக இரு" என்று அர்த்தம். ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு வருகிறவர், மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கிறார். நாலு பேரை ஏற்றி வருகிறவர் வேகத்தைக் கூட்டுகிறார். வேடிக்கைதான்!

சாலை விளக்கே ரயிலைப் பார்த்து வந்ததுதான். 1868-ம் ஆண்டு டிசம்பரில், லண்டன் பாராளுமன்றத்துக்கு அருகில் முதல் விளக்கை நட்டார்கள். அதற்கு யோசனை சொன்னவர் நைட் என்ற ரயில்வே என்ஜினீயர். அது கேஸ் விளக்கு. சிவப்பு, பச்சை இரண்டே நிறம். மறுமாதமே வெடித்துவிட்டது. 1914-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு வந்தது. அதிலும் இரண்டே நிறம். நிறம் மாறப் போகிறது என்பதைத் தெரிவிக்க மணி அடித்தார்கள். 1920-ல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ், நடுவில் மஞ்சளைச் சேர்த்தார். பச்சையில் இருந்து சட்டென்று சிவப்புக்குத் தாவினால், வேகமாக வருகிறவர் என்ன செய்வார்? அவருக்கு மூச்சு விட நேரம் கொடுக்கவே மஞ்சள் பிறந்தது.

நிற்கவும் முடியாது, போகவும் முடியாது

ஆனால் குற்றம் எல்லாம் டிரைவர் மேல் என்று சொல்லிவிட முடியாது.

மஞ்சள் விளக்கு 3 விநாடி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 40 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறார். விளக்கைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக 1 விநாடி ஆகிறது. பிரயாணிகள் முன்னால் போய் விழாதபடி நிதானமாக நிறுத்த மொத்தம் சுமார் 32 மீட்டர் தேவை. நிற்காமல் போனால் 3 விநாடியில் 33 மீட்டர் போய்விடுவார். ஆகவே நிற்கலாம், அல்லது தாண்டலாம். சிக்கல் இல்லை.

அவரே 60 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால்? நிறுத்த 63 மீட்டர் வேண்டும். 3 விநாடியில் போகக்கூடிய தூரமோ 50 மீட்டர்தான். கோட்டில் இருந்து 55 மீட்டரில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால், நிதானமாக நிற்கவும் முடியாது. சிவப்புக்கு முன் தாண்டவும் முடியாது. 80 கிலோ மீட்டர் என்றால் இந்தச் சிக்கல் 35 மீட்டருக்கு மேல் நீளுகிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருகிற லாரி என்ன செய்யும்?

1960-ம் ஆண்டிலேயே காசிஸ், ஹெர்மன், மரடூடின் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: சட்டத்துக்குக் கட்டுப்பட நினைக்கிறவர்கூட, விநாடி போதாவிட்டால் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டும்.

ஆகவே இதில் இரண்டு பேருக்குப் பொறுப்பு உண்டு. வண்டிகள் வேகமாக வரும் இடத்தில் மஞ்சளை அதற்கு ஏற்றபடி 4 விநாடி, 5 விநாடி எரியவிடுவது அதிகாரிகள் பொறுப்பு. சந்திப்பு கண்ணில் பட்டதுமே, பச்சை எரிந்தாலும், காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்து 40-க்கு வருவது டிரைவர் பொறுப்பு. பச்சை அதிக நேரமாக எரிகிறது என்றால், அது எந்த நேரமும் மாறும். மஞ்சள் விழுந்த பிறகு யோசிக்க நேரம் இல்லை. அதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தில் நிற்கிறவர்களும் இதில் சேர்த்திதான். குறுக்குச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. எதிர்ப்பக்கம் மஞ்சள் விழுந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்குப் பச்சை வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். மஞ்சளில் பறந்து வந்தவரும், பச்சைக்கு முன் கிளம்பியவரும் சந்திக்கும் இடம் நடுச் சாலை. மஞ்சள் போய்ச் சிவப்பு வந்த பிறகு தாண்டினால் சட்டமும் சும்மா இருப்பது இல்லை. 2019-ல் திருத்திய சட்டப்படி, அது ஆபத்தாக வண்டி ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஜெயிலும் உண்டு.

அணைந்து அணைந்து எரிந்தால்

நெடுஞ்சாலைக் கூட்டு ரோடுகளில் இன்னொரு மஞ்சள் உண்டு. இரவு பகலாக அணைந்து அணைந்து எரியும். அதற்கு நிற்க வேண்டியது இல்லை. வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துப் போக வேண்டும். தினமும் பார்க்கிறவர்களுக்கு அது திருவிழா விளக்கு மாதிரி ஆகிவிட்டது! ஆனால் பாதை ஓரத்தில் நிற்கிற பாட்டிக்கு அந்த விளக்கு ஒன்றும் சொல்வது இல்லை. அது டிரைவருக்காக எரிகிறது. அவர் குறைத்தால்தான் பாட்டி அந்தப் பக்கம் போக முடியும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தங்கள் ஊர் சிக்னலில் மஞ்சள் எத்தனை விநாடி எரிகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். வண்டிகள் வரும் வேகத்துக்கு அது போதவில்லை என்றால், கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு எழுதலாம். விநாடிக் கணக்கை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.