கையால் செய்த பெட்டிக்கு மார்க் போடாதீர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினாள்.

"இந்த நேரத்தில் எங்கேம்மா?"

"ஃபேன்சி ஸ்டோருக்கு மாமா. பாப்பா நாளைக்கு ஸ்கூலுக்கு தீபாவளி வாழ்த்து அட்டையும் ஸ்வீட் பாக்ஸும் கொண்டு போகணுமாம். திறந்தா உள்ளே படம் எழுந்து நிற்குமே, அந்த அட்டை. கடையில ரெடியா இருக்கு. 250 ரூபாய்."

பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, "நீயே செய்யலாமே கண்ணு? போன வருஷம் செய்தாயே" என்றேன். அவள் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "போன வருஷம் நானே செஞ்சேன் தாத்தா. அஞ்சுக்கு ரெண்டு போட்டாங்க. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு கடையில வாங்கிட்டு வந்தா, அவளுக்கு அஞ்சுக்கு அஞ்சு. கோணலா இருந்தா மார்க் கிடையாது."

மருமகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கடை சாத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். மேலே சொல்லப் போவதெல்லாம் அந்தக் கடை சாத்தியிருந்ததால் நடந்தது.

நான் தபால் துறையில் 38 வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் பொங்கல் வந்தால் தபாலாபீஸ் என்ன பாடு படும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே சிவகாசி. கடைத்தெருவில் கொடி கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல், நடுவே பொங்கல் பானை, ஜல்லிக்கட்டு மாடு, முருகன். உறையை ஒட்டாமல் மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போட்டால் அப்போது தபால் செலவு குறைவு. ஜனவரி பத்து தேதியிலிருந்து சாக்கு சாக்காக வந்து இறங்கும். முத்திரை குத்திக் குத்தித் தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்தக் குவியலில் அபூர்வமாக ஒரு கனத்த உறை வரும். கையில் எடுத்ததுமே தெரியும், உள்ளே யாரோ தாங்களே வெட்டி ஒட்டிய அட்டை இருக்கிறது என்று. முத்திரைக் கட்டையை ஓங்கிக் குத்தினால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதனால் அதை மட்டும் தனியே எடுத்து, ஓரமாக, மெதுவாகக் குத்துவேன். விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் செய்தவன் அதில் ஒரு சாயங்காலத்தைப் போட்டிருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

வாழ்த்து அட்டையின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. அச்சடித்து விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் போட்டது. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியர் படம் வரைந்து கொடுத்தார். இந்த ஹென்றி கோல், 1840இல் ஒரு பென்னி தபால் முறை வருவதற்கு ரோலண்ட் ஹில்லுடன் சேர்ந்து உழைத்தவர். ஒரு வகையில் எங்கள் துறைக்காரர். பண்டிகைக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத அவருக்கு நேரமில்லை. அதனால்தான் அச்சடித்தார். ஆக, அச்சு அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சம் பிடிக்க. இன்று வாட்ஸப்பில் வரும் பொங்கல் பானையும் அதே பரம்பரைதான். அதைக் குறை சொல்லவில்லை, நானும் அனுப்புகிறேன். ஆனால் யாருக்காவது நம் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கையால்தான் செய்தாக வேண்டும்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீட்டில் சார்ட் பேப்பர் இருந்தது. கத்தரிக்கோல், பசை, அடிக்குச்சி எல்லாம் எடுத்துக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் தரையில் உட்கார்ந்தோம். அட்டை ஓரளவு வந்தது. பெட்டிதான் வம்பு செய்தது. ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் வாயைப் பிளந்தது. நான் பசையை அள்ளி அப்பினேன்.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்காவிடமிருந்து குரல் வந்தது. "ஏன்டா தம்பி, பசையை இப்படியா அப்புவாங்க? பெட்டி ஊறிப் போகும்லா."

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் ஒரு கவரை ஒட்ட வேண்டும் என்றால்கூட என் பக்கம் தள்ளிவிடுவாள். பசை வாடை அவளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. அதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. வெட்கம்தான்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். வானம் பார்த்த பூமியில் அந்தத் தொழில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலில் பாதி, எங்களைப் போன்றவர்களின் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. அப்போது பெட்டி மரச்சீவலில் செய்வது. சீவலை மடித்து, நீலத் தாளை ஒட்டி, காய வைத்து, எண்ணிக் கட்ட வேண்டும். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸுக்கு இவ்வளவு பைசா என்று கூலி. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்ட பசை. அந்தப் பசை வாடையில்தான் அக்கா வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. நான் பள்ளி இறுதி வரை போனேன். என் நோட்டுப் புத்தகமும் பரீட்சைக் கட்டணமும் அவள் ஒட்டிய பெட்டிகளிலிருந்து வந்தவை. பிறகு எனக்கு அரசாங்க வேலை, பென்ஷன். அவளுக்கு விரல் நுனியில் தழும்பு.

அந்த அக்கா அன்று கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். தாளை வாங்கினாள். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தாள். "சீவலுக்கு நார் ஓடுற பக்கம் இருக்குல்ல, அது மாதிரி தாளுக்கும் இருக்கு. இப்படி மடிச்சா மடங்கும், குறுக்கே மடிச்சா வெடிக்கும்" என்றாள். நகத்தால் ஒரு நீவு. விரல் நுனியில் ஒரு பொட்டுப் பசை. பெட்டி நின்றது. நான்கு மூலையும் மூலைமட்டம் வைத்த மாதிரி இருந்தது. அறுபது வருடமாகத் தொடாத வேலை!

பேத்தி வாயைப் பிளந்துவிட்டாள். "ஆச்சி, உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"சொல்லிக் குடுக்கிறதா? ஒட்டலைன்னா சோறு இல்லை, அம்புட்டுதான்."

"கோணலா இருந்தா என்ன செய்வாங்க?"

"கழிச்சிருவான் ஏஜெண்டு. காசு கிடையாது."

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "எங்க மிஸ் மாதிரியேவா ஆச்சி?"

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் கைவேலை தெரிந்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்போன்தான் தெரியும்' என்று நாம் கூடும் இடத்தில் எல்லாம் பேசிக்கொள்கிறோம். அதைக் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும். அந்தக் காலத்துக் கைவேலையில் பெரும்பகுதி பசிக்குச் செய்த வேலை. குழந்தை உழைப்பைத் தடுக்க 1986இல் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசியைக் குறித்தே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டத்தில்கூட, வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து பிள்ளை செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. எங்கள் திண்ணை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த நாளை நினைத்துப் பெருமூச்சு விட என்னால் முடியாது.

அதே நேரம், கைவேலையைத் திரும்பவும் பிள்ளைகளிடம் கொண்டு போகிறோம் என்று பள்ளிக்கூடங்கள் செய்வதும் சரியில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் மார்க் போட்டால் என்ன நடக்கும்? அம்மாக்கள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒட்டுவார்கள், அல்லது கடையில் வாங்குவார்கள். பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கோணலாக இருந்தால் கழித்துவிடுவார்கள். அக்கா கற்றதும் அதைத்தான். இவளுக்குப் பசி இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். வகுப்பிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, தாளைக் கையில் கொடுத்து, கோணலோ நேரோ, அதை யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேளுங்கள். மார்க் வேண்டாம்.

நேர்த்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் நேர்த்தி மார்க்கினால் வராது, ஆசையினால் வரும். பேத்தி அன்று ராத்திரி தானாகவே அட்டையை மூன்று முறை பிரித்துச் செய்தாள். காரணம், மூடும்போது படத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏ4 அளவுத் தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஒவ்வொரு பக்கமும் 14.8 செ.மீ. இருக்கும். மடிப்பிலிருந்து உள்நோக்கி 4 செ.மீ. நீளத்துக்கு, 3 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு வெட்டு. வெட்டிய துண்டை உள்பக்கமாகத் தள்ளி மடித்து விரித்தால் சின்னப் படி மாதிரி எழுந்து நிற்கும். அந்தப் படியின் முகத்தில்தான் படத்தை ஒட்ட வேண்டும். வெட்டின் நீளமும் படத்தின் உயரமும் சேர்ந்து 14.8ஐத் தாண்டக்கூடாது. 4 செ.மீ. வெட்டு என்றால் படம் 10 செ.மீ. வரை இருக்கலாம். அட்டையை மூடும்போது அடங்கிவிடும். பேத்தியின் படம் 12 செ.மீ. அதனால்தான் தலை நீட்டியது. இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது?

பெட்டிக்கு இன்னும் சுலபமான வழியை அவள்தான் செல்போனில் பார்த்து எங்களுக்குக் காட்டினாள். ஜப்பான்காரர்கள் அரிசி அளக்க 'மசு' என்ற சதுர மரப்பெட்டியை வைத்திருந்தார்கள், நம் ஊர்ப் படி மாதிரி. அதே உருவத்தில் தாளை மடிக்கிறார்கள். 20 செ.மீ. சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, பிறகு எதிரெதிர் ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து விரிக்க வேண்டும். மறு இரண்டு ஓரங்களுக்கும் அப்படியே. பிறகு எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளை மட்டும் விரித்து, சுவர்களை நிமிர்த்தி, விரித்த மூலைகளை உள்ளே மடித்து இறக்கினால் 7 செ.மீ. பெட்டி, மூன்றரை செ.மீ. உயரம். சின்ன லட்டு நான்கு பிடிக்கும். இது மூடி. அரை செ.மீ. குறைத்து இன்னொரு தாளில் செய்தால் அடிப்பெட்டி. உள்ளே ஒரு துண்டு வாழை இலை போட்டுவிடுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை உணவில் இறங்கும்.

இதில் பசையே கிடையாது. அக்கா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசை இல்லாமலே பெட்டியா! அன்னைக்கே தெரியாமப் போச்சே" என்றாள். பிறகு அவளே 22 பெட்டி மடித்தாள். தீபாவளிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பலகாரம் அதில்தான் போயிற்று. எண்ணிக்கை சொன்னது நான். அவள் எண்ணவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்காட்சிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் இப்படி அட்டையும் பெட்டியும் செய்து விற்கிறார்கள். "காகிதம்தானே, இதற்கு 80 ரூபாயா?" என்று பேரம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கடையில் 250 ரூபாயை மறுபேச்சில்லாமல் நீட்டுகிறோம். காகிதத்துக்கு விலை இல்லைதான். அந்தப் பெண்ணின் மூன்று மணி நேரத்துக்கு விலை உண்டு. குரோஸ் கணக்கில் கூலி பேசிய ஏஜெண்டை இன்றும் திட்டுகிற நான், அந்தக் கடை முன்னால் அவனாகவே நின்றிருக்கிறேன்.

பொங்கல் வரப்போகிறது. நமக்கெல்லாம் நேரம் நிறைய இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வோம். பேரன் பேத்தியை உட்கார வைத்து ஓர் அட்டையாவது செய்யுங்கள். கை நடுங்கினால் கோடு கோணலாகப் போகட்டும். உறையில் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். என்னைப் போல ஒருவர் இன்னும் எங்காவது இருந்தால் ஓரமாகவே முத்திரை குத்துவார்.

மார்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இந்த முறை ஐந்துக்கு மூன்று. "வருத்தமா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லை தாத்தா. ஆச்சிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவங்க ரொம்ப நல்லா மடிச்சாங்க" என்றாள்.

நான் எழுதுவதையெல்லாம் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்தக் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் விட்டுவிட்டு வாசிக்க வேண்டும்.