ஃபிளாப்பு, ஃபியூவலு, அப்புறம் நம்ம டீக்கடை நிபுணர்கள்

2025 ஜூன் 12 அன்னிக்கு அகமதாபாத்துல ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் செத்தாங்க. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மஞ்சக்குப்பம் டீக்கடை வரைக்கும் எல்லாரும் விமான நிபுணர் ஆயிட்டாங்க. "ஃபிளாப் இறக்க மறந்துட்டான் சார், பைலட் தப்பு." கேஸ் முடிஞ்சுது. அடுத்த மாசம் வந்த முதற்கட்ட அறிக்கைப்படி ஃபிளாப் லீவர் 5 டிகிரியில, இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு. எரிபொருள் சுவிட்ச் ரெண்டும் ஒரு விநாடி இடைவெளியில 'கட்ஆஃப்' நிலைக்குப் போயிருக்கு. ஏன்னு அறிக்கை சொல்லலை. நம்மாளுங்க மட்டும் சொல்லிட்டாங்க, மறுபடியும் பைலட் தப்பாம்!

என் சண்டை இந்த ரெண்டு வார்த்தையோடதான். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, அவர் கைப்பக்கத்துல என்ன எழுதி ஒட்டியிருந்துச்சுன்னு கேக்கணுமா வேணாமா? பழைய குட்டி விமானங்களைப் பாத்தா இது நல்லாப் புரியும்.

பழைய செஸ்னா 172ல முழு ஃபிளாப் இறக்க உச்ச வேகம் 100. எதுல 100? மணிக்கு மைல்ல. 1970கள் நடுவுலதான் செஸ்னா நாட்டுக்கு மாறுச்சு. நாட்டுல பழகினவர் 100ஐ நாட்டுன்னு நினைச்சா 115 மைல் ஆயிடும். அதே விமானத்துல "ஃபிளாப் இறக்கினப்போ பக்கவாட்டுல சறுக்குறதைத் தவிர்க்கவும்"னு இன்னொரு பட்டை. 'தவிர்க்கவும்'னா கூடாதுன்னு அர்த்தமா, பாத்துச் செய்னு அர்த்தமான்னு பைலட்டுங்க இன்னும் அடிச்சுக்கறாங்க.

எரிபொருள் கூத்து இதுக்கு மேல. 172எம்ல 42 காலன் பிடிக்கும், எஞ்சினுக்குப் போறது 38தான். அதுவும் அமெரிக்க காலன், 144 லிட்டர். பிரிட்டிஷ் காலன்னு எடுத்துக்கிட்டா 173 லிட்டர்னு கணக்கு வரும். இல்லாத 29 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பறப்பு! செஸ்னாவுல 'ரெண்டு டேங்கும்'னு ஒரு நிலை உண்டு. பைப்பர் செரோக்கில இடது, வலது, ஆஃப் அவ்ளோதான். இறக்கை கீழ இருக்கறதால பம்பு வெச்சு உறிஞ்சணும். ரெண்டையும் சேத்துத் திறந்தா, காலியான டேங்குலேர்ந்து காத்தைத்தான் உறிஞ்சும். ரெண்டு விமானத்தையும் மாத்தி மாத்தி ஓட்டுறவருக்கு அந்தப் பட்டையை விட்டா வேற யாரு ஞாபகப்படுத்துவா?

பாடகர் ஜான் டென்வர் கதை தெரியுமா? 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியா மான்டரே விரிகுடா. வீட்டுல கட்டின லாங்-ஈஸி விமானம், இவர் புதுசா வாங்கினது. டேங்க் மாத்துற கைப்பிடி வரைபடத்துல பைலட்டோட காலுக்கு நடுவுல. கட்டினவரு அதைத் தூக்கி இடது தோளுக்குப் பின்னாடி வெச்சுட்டார். எந்தப் பக்கம் திருப்பினா எந்த டேங்குன்னு ஒரு எழுத்து கிடையாது. எரிபொருள் அளவு காட்டுற கண்ணாடியிலயும் குறி இல்லை, திரும்பிப் பாக்க மெக்கானிக் ஒரு கைக்கண்ணாடி குடுத்தாராம். கைப்பிடி எட்டலைன்னு இடுக்கி மாட்டிப் பாத்தாங்க, அப்பவும் எட்டலை. அப்படியே கிளம்பினவர் கடல்ல விழுந்து போய்ச் சேந்தார்.

விசாரணை வாரியம் டென்வரைச் சும்மா விடலை. பெட்ரோல் போடாம கிளம்பினதை எழுதினாங்க. ஆனா கைப்பிடியை அங்க வெச்சவரோட முடிவு, குறி போடாத கண்ணாடி, புது விமானத்துக்குப் போதாத பயிற்சி, எல்லாத்தையும் சேத்தே எழுதினாங்க. மஞ்சக்குப்பத்துல யாராச்சும் அடுத்த தடவை "பைலட் தப்பு"ன்னு ஆரம்பிச்சா அந்தக் கைப்பிடி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. பதில் வர்றதுக்குள்ள டீ ஆறிடும்.