பேய்க்கதை எழுதியவரின் குறிப்பேடு

பேய்க்கதை படிக்கலாமா, கூடாதா? உங்களில் பலர் வீட்டில் இந்த வாக்குவாதம் நடந்திருக்கும். "அதைப் படித்தால் ராத்திரி தூக்கத்தில் உளறுவாய்" என்பார் பாட்டி. "மூடநம்பிக்கை வளரும்" என்பார் ஆசிரியர். விஞ்ஞானம் படிக்கிற மாணவர்கள் அதைத் தொடவே கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு.

என் கருத்து வேறு. தாராளமாகப் படியுங்கள். ஆனால் அதை எழுதியவர் எப்படி வேலை செய்தார் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் யாரும் உங்களை எளிதில் பயமுறுத்தி ஏமாற்ற முடியாது.

உலகப் புகழ் பெற்ற ஒரு திகில் கதையையே எடுத்துக்கொள்வோம். 'டிராகுலா' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இறந்த பிறகும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, உயிரோடிருப்பவர்களின் இரத்தத்தைக் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை அது. 1897-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்தில் டப்ளின் நகரை அடுத்த ஓர் ஊரில் 1847-இல் பிறந்தவர்.

இருட்டறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு எழுதியவர் என்று அவரைக் கற்பனை செய்யாதீர்கள்! அவர் முதலில் அரசாங்க உத்தியோகஸ்தர். நீதிமன்றக் குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு ஒன்று 1879-இல் அச்சாயிற்று. 1878 முதல் லண்டனில் லைசியம் என்ற நாடக அரங்கின் நிர்வாகியாக இருந்தார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, நாடகக் குழுவின் பயண ஏற்பாடு எல்லாம் அவர் தலையில்தான். கதை எழுதக் கிடைத்தவை மிச்சமான நேரமும் விடுமுறை நாட்களுமே. 'டிராகுலா'வுக்காக 1890-இல் குறிப்பெடுக்கத் தொடங்கினார். புத்தகம் வெளிவர ஏழு ஆண்டுகள் ஆயின.

அந்தக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் உள்ள ரோசன்பாக் காட்சிசாலையில் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நூறு பக்கங்களுக்கு மேல் வரும். அவற்றில் என்ன இருக்கும்? மந்திரமா, மாயமா? ரயில் நேரங்கள் இருக்கின்றன! எந்தத் தேதியில், எந்தக் கிழமையில் எந்த நிகழ்ச்சி என்ற நாள்காட்டி இருக்கிறது!

1890-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு ஸ்டோக்கர் போனார். அங்கே நூலகத்தில், இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வலாக்கியாவைப் பற்றி வில்லியம் வில்கின்சன் எழுதிய நூலை எடுத்துப் படித்தார். 'டிராகுலா' என்ற பெயர் அதில்தான் அவருக்குக் கிடைத்தது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களை எழுதிக்கொண்டார். 1885-இல் அந்தக் கரையில் தரைதட்டிய 'டிமிட்ரி' என்ற ருஷ்யக் கப்பலைப் பற்றிக் கடலோரக் காவலரிடம் விவரம் கேட்டறிந்தார். கதையில் டிராகுலா வந்து இறங்கும் கப்பல் அதுவே. பெயர் மட்டும் 'டிமீட்டர்' என்று மாறியது. மண்டையில் அடிபட்ட ஒருவனுக்கு என்னென்ன ஆகும்? ஸ்டோக்கரின் அண்ணன் அறுவை மருத்துவர். அவரிடமே கேட்டுக் குறிப்பு வாங்கிக்கொண்டார். டிராகுலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. எல்லாம் நூல்களிலிருந்து திரட்டியவை!

திகில் கதைத் தொழிலின் ரகசியம் இப்போது புரிகிறதா? எழுத்தாளர் முதலில் பத்து உண்மைகளைச் சொல்கிறார். ரயில் நேரம் சரியாக இருக்கிறது. ஊர் சரியாக இருக்கிறது. காயத்தின் விவரம் சரியாக இருக்கிறது. நாமும் தலையாட்டிக்கொண்டே வருகிறோம். பதினோராவதாக ஒரு பொய்யைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைக்கிறார். தலையாட்டிய பழக்கத்தில் அதற்கும் தலையாட்டி விடுகிறோம்! 'டிராகுலா' முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துண்டு என்ற வடிவில் இருப்பதும் இதற்காகத்தான். சாட்சியங்களைத் திரட்டி வைத்த கோப்பு போல அது தோன்றுகிறது.

கதையில் இது வெறும் விளையாட்டு. வாழ்க்கையில் இதே காட்டேரி என்ன செய்தது தெரியுமா? ஸ்டோக்கரின் குறிப்புகளோடு 1896-ஆம் ஆண்டின் அமெரிக்கச் செய்தித்தாள் துண்டு ஒன்றும் இருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் சிலர் காட்டேரியை மெய்யாகவே நம்பியதைப் பற்றிய செய்தி அது. அந்த நம்பிக்கையால் நேர்ந்த துயரம் ஒன்றைக் கேளுங்கள்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்ஸெட்டர் என்ற கிராமம். அங்கே பிரௌன் என்ற விவசாயியின் மனைவியும் இரண்டு மகள்களும் ஒருவர் பின் ஒருவராகக் காசநோயால் இறந்தார்கள். மகன் எட்வினையும் அந்த நோய் பிடித்துக்கொண்டது. "செத்தவர்களில் ஒருத்திதான் கல்லறையிலிருந்தபடி இவன் இரத்தத்தை உறிஞ்சுகிறாள்" என்றார்கள் அண்டை அயலார். 1892 மார்ச் மாதம் மூன்று உடல்களையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் இறந்த மெர்சியின் உடல் மட்டும் அழுகாமல் இருந்தது. அது கடுங்குளிர்காலம், குளிரில் உடல் கெடவில்லை, அவ்வளவுதான். உடன் இருந்த மருத்துவரும் இது இயற்கையே என்றார். யார் கேட்டார்கள்? மெர்சியின் இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலை நீரில் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்துபோனான்.

காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாதான் என்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882-இல். அதாவது, இதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே!

அங்கும் பத்து உண்மைகள் இருந்தன. நோய் உண்மை. சாவுகள் உண்மை. அழுகாத உடலும் உண்மை. பதினோராவதாக வந்த காட்டேரிதான் பொய். ஸ்டோக்கர் தம் பொய்யின் மேல் 'நாவல்' என்ற அட்டையைப் போட்டார். அட்டையை மூடினால் காட்டேரியும் உள்ளே போய்விடும். எக்ஸெட்டர் காட்டேரிக்கு அப்படி மூடி வைக்க அட்டை இல்லை.

திகில் கதை எழுதுபவரை நான் நேர்மையான தொழிலாளி என்பது இதனால்தான். ஸ்டோக்கர் அதனால் பெரும் பணக்காரர் ஆகவும் இல்லை. 1911-இல் எழுத்தாளர்களுக்கான உதவி நிதியை அவர் நாட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு காலமானார். உங்கள் காய்ச்சலுக்குக் காற்று கருப்புதான் காரணம் என்று சொல்லித் தாயத்து விற்பவரும் இதே தொழில் நுட்பத்தைத்தான் கையாளுகிறார். உங்கள் வீட்டைப் பற்றி முதலில் பத்து உண்மைகளைச் சொல்வார். அட்டையை மட்டும் போட மாட்டார்!

ஆகவே, அடுத்த முறை பேய்க்கதை படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் சோதித்துப் பார்க்கக்கூடிய செய்திகள். மறுபக்கம் சோதிக்க முடியாதவை. பொய் எந்த வரியில் நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு பேய்க்கதை எழுதிப் பாருங்கள். பயமுறுத்துவதற்கு எவ்வளவு உண்மைகளைத் தேட வேண்டியிருக்கிறது என்பது புரியும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அட்டை போடாத கதையோடு யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், அப்போதும் அது உதவும்.